வியாழக்கிழமை வரைக்கும் ஆடணும்

சார், சார், சார்! அதைக் கடிக்காதீங்க! கடலை மிட்டாய் சார் அது, உயிருக்கே ஆபத்து. உங்க உயிருக்கு இல்ல, பல்லோட உயிருக்கு. கொடுங்க இப்படி. நான் திங்க மாட்டேன் சார், சத்தியமா. பையில பத்திரமா வெச்சிருக்கேன், இறங்கும்போது வாங்கிக்கோங்க.

பயப்படாதீங்க. பிக்பாக்கெட் எல்லாம் இல்ல. நான் பல் டாக்டர். அதாவது, கிட்டத்தட்ட. டாக்டர் ஆகறதுக்கு இன்னும் ஒரே ஒரு பல்லு தூரம்தான் பாக்கி. தணிகைவேல்னு பேரு. போளூர்தான் நமக்கு.

நீங்க ஏறும்போதே பார்த்துட்டேன் சார். கண்டக்டர் சில்லறை கேட்டாருல்ல, நீங்க "இல்லப்பா"ன்னீங்கல்ல, அந்த நேரத்துல உங்க கீழ் வரிசை முன்பல் ஒண்ணு லேசா வெளிய எட்டிப் பார்த்துட்டு உள்ள போச்சு. நான் கடைசி சீட்டுல ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். ஜன்னலோரத்தை விட்டுட்டு இந்த டயர் மேல இருக்கற சீட்டுக்கு வந்திருக்கேன்னா பார்த்துக்கோங்க.

சுகர் இருக்கா? பிரஷர்? ரத்தத்தை இளக்கற மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா? இதுக்கு முன்னாடி ஊசி போட்டு மயக்கம் வந்திருக்கா? ஒண்ணும் இல்லையா? ஐயோ சார், நீங்க தங்கம் சார்.

எங்க, வேலூருக்கா? எதுக்... இருங்க இருங்க, நீங்க எதுக்குப் போறீங்கன்னு அப்புறம் பேசலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அப்பதான் உங்க வாயில என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். வேலூருக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பெரிய வேகத்தடை வரும், அதை ஒட்டித்தான் எங்க காலேஜு. அந்த வேகத்தடை வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சுடுவேன். இந்த டிரைவருக்கு அது வேகத்தடைன்னே இதுவரைக்கும் யாரும் சொல்லல போல, அது வேற விஷயம்.

இப்போ, மத்தவங்க எல்லாம் பரீட்சைக்குப் போகணும்னா என்ன எடுத்துட்டுப் போவாங்க? பேனா எடுத்துட்டுப் போவாங்க. எங்களுக்கு அது பத்தாது சார். ஆளை எடுத்துட்டுப் போகணும். நிஜமாத்தான். கடைசி வருஷம் பல் எடுக்கற செய்முறைத் தேர்வு இருக்கு பாருங்க, அதுக்குப் பல்லோட ஒரு ஆளை நாமளே தேடிப் பிடிச்சு, பேசிக் கெஞ்சி, காலையில நேரத்துக்குக் கூட்டிட்டு வந்து நாற்காலியில உக்கார வைக்கணும். வெளியூர்லருந்து எக்ஸாமினர் வருவாரு. பக்கத்துல நின்னு பார்ப்பாரு. நாம எடுக்கணும்.

எந்தப் பல்லா இருந்தாலும் பரவாயில்லன்னு போனீங்க, செத்தீங்க. கெட்டியா இருக்கற பல்லைப் பிடிச்சா மேல் பாதி கையோட வந்துரும், வேர் உள்ளயே உக்காந்து நம்மளைப் பார்த்துச் சிரிக்கும். ஃபெயில். அதுக்காக ரொம்ப ஆடறதைக் கொண்டு போனா எக்ஸாமினர் கேப்பாரு, "இதுக்கு டாக்டர் எதுக்குப்பா, ஃபேன் போட்டா போதுமே." அதுவும் ஃபெயில். நடுவுல ஒரு பதம் இருக்கு சார். இந்தக் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சறாங்கல்ல, அது மாதிரி ஒரு பதம். பரீட்சை வந்துட்டா எங்க பசங்க ஊர் ஊராப் போவாங்க சார். கல்யாண வீட்டுக்குப் போனா பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டோம், பந்தியில யாரு ஒரு பக்கமா மெல்றாங்கன்னு பார்ப்போம். ஆனா ஒண்ணு, நான் மனுஷங்களைப் பல்லா பார்க்கற ஆளு இல்ல. ஜாஸ்பர் அப்படிப்பட்டவன். நான் இல்ல. சார் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்.

ஜாஸ்பர் யாருன்னு சொல்லலல்ல? என் ரூம்மேட். நான் ஒரு பல்லுகூட எடுத்ததில்லன்னு ஹாஸ்டல் முழுக்கப் பரப்பி வெச்சிருக்கான். பொய் சார். நான் நிறைய எடுத்திருக்கேன். முக்கால்வாசி. அதாவது ஒவ்வொரு பல்லையும் முக்கால்வாசி நான் எடுப்பேன், கண்ணாடியெல்லாம் வேர்த்து வழியும், அந்த நேரம் பார்த்து எங்க சர்ஜரி மேடம், வைதேகி மேடம், வந்து "தள்ளு தணிகை"ம்பாங்க. கடைசிக் கால்வாசியை அவங்க ஒரு திருப்பு திருப்பி எடுத்துருவாங்க. பேஷன்ட் அவங்களைத்தான் கும்பிடுவான். உழைச்சது யாரு?

இதை முடிச்சுட்டு எம்.டி.எஸ். படிக்கப் போறேன் சார். இந்தப் பை கனமா இருக்கே, எல்லாம் அதுக்கான கைடுதான். முகத்தாடை அறுவை சிகிச்சை. பைக்ல விழுந்து தாடை உடைஞ்சு வருவாங்கல்ல, அதுக்குத் தகடு வெச்சு ஸ்க்ரூ போட்டு ஒட்டறது. "பல்லே முழுசா எடுக்கல, இவரு தாடைக்குப் போறாராம்"னு ஜாஸ்பர் நக்கல் பண்ணுவான். யோசிச்சுப் பாருங்க சார், தாடை ஏற்கெனவே உடைஞ்சுதானே வருது? நாம உடைக்க வேண்டியதில்லையே. ஒட்டினா போதும்.

சரி, கதைக்கு வர்றேன். போன தடவை பரீட்சை வந்தப்ப உள்ளாட்சித் தேர்தல் நேரம். எனக்கு ஆளே கிடைக்கல. ஜாஸ்பர் ஹாஸ்டல் வாட்ச்மேனை எப்பவோ வளைச்சுப் போட்டுட்டான். ஒருநாள் சாயங்காலம் பரோட்டா கடை வாசல்ல நிக்கறேன். எதிர்ல அம்மி சின்னக் கட்சி மீட்டிங். மேடையில இடிமுழக்கம் ஏகாம்பரம்.

தெரியுமா அவரை? தெரியும்ல! அவரு பேசினா மைக் ஓனர் காதைப் பொத்திக்குவாரு. அன்னைக்கு அவரு "திருகை சின்னக்காரனுக்குச் சொல்றேன், முடிஞ்சா மோதிப் பாரு!"ன்னு ஒரு கர்ஜனை விட்டாரு. அந்த ஃபோகஸ் லைட்டு வெளிச்சத்துல பார்க்கறேன் சார், மேல் வரிசை முன்பல்லு. ஆடுது. ஆடற அழகு! முன்னாடி ஒரு இம்மி, பின்னாடி ஒரு இம்மி. அதே பதம். எனக்குப் பரோட்டா தொண்டையில நின்னுருச்சு.

மேடையில எப்படி ஏறறது? பொன்னாடை போத்தறவனை மட்டும்தான் விடுவாங்க. என்கிட்ட இருந்தது ஜிம்முக்குக் கொண்டு போன டவலு. பரவாயில்லன்னு ஏறி அதையே போத்தினேன். ஜனம் கை தட்டுது. கட்டிப் பிடிக்கற மாதிரி காதுல சொன்னேன், "அண்ணே, மேல் முன்பல்லு ஆடுது."

அவரு முகம் சட்னி ஆயிருச்சு. சிரிச்சுக்கிட்டே பல்லுக்குள்ள கேட்டாரு, "யார்ரா நீ? திருகை அனுப்பின ஆளா?"

"பல் டாக்டருண்ணே."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லிடாத. பேச்சாளன் பல்லு ஆடுதுன்னு தெரிஞ்சா அடுத்தவன் மைக்கைப் புடுங்கிருவான். மேடைக்குப் பின்னாடி வா."

போனேன். விஷயத்தைச் சொன்னேன். பரீட்சை அன்னைக்கு வந்தீங்கன்னா நான் எடுத்துடறேன், அன்னைக்கே தற்காலிகமா ஒரு பல்லு வெச்சு விட்டுடறேன், யாருக்கும் தெரியாதுன்னேன். எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. கடைசியில மெதுவா ஒண்ணு கேட்டாரு. "தம்பி, ஊசி போடுவியா?" போடணும்ணே. "பெரிய ஊசியா?" எத்தனை கூட்டத்தைப் பார்த்த மனுஷன் சார், ஊசின்னதும் ரெண்டடி பின்னாடி போயிட்டாரு. "வலிக்காம போடறேண்ணே, நான் பொறுப்பு"ன்னேன். அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்றது.

ஆனா பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் பல்லு விழக்கூடாது. இதான் சார் வேலையே. ஆளைப் பிடிக்கறது ஒரு கஷ்டமா? பிடிச்ச ஆளோட பல்லைக் காப்பாத்தறதுதான் கஷ்டம். காலேஜு கட் அடிச்சுட்டு அவரு போற கூட்டத்துக்கெல்லாம் போனேன். யாரோ வடை கொடுப்பாங்க, நான் பிடுங்கிருவேன். முறுக்கைப் பார்த்தாலே எனக்குப் படபடன்னு வரும். இட்லியைச் சாம்பார்ல ஊற வெச்சு நானே ஸ்பூனால கொடுப்பேன். கட்சிக்காரங்க என்னன்னா, அடடா, இப்படி ஒரு தொண்டனான்னு கண் கலங்கறாங்க.

ஒருநாள் போறேன், ஏகாம்பரம் அண்ணன் வீட்டு வாசல்ல ஜாஸ்பர் பைக்கு. உள்ள ஜாஸ்பர். கையில பை. பையில ஆப்பிள்!

ஆப்பிள் சார்! ஆடற பல்லுக்காரருக்கு! "என்னடா இது?"ன்னேன். "மரியாதை நிமித்தமா பார்க்க வந்தேன்டா"ங்கறான். அவனுக்குத்தான் வாட்ச்மேன் இருக்காரே, இது என் பரீட்சையைக் கெடுக்கணும்னே செஞ்சது. கொலை முயற்சி சார் இது. அத்தனை ஆப்பிளையும் வாங்கி ஜூஸ் போட்டுக் கொடுத்துட்டேன்.

சாப்பாட்டைச் சமாளிச்சுட்டேன். பேச்சை என்ன பண்றது? ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சும் பார்க்கறேன், பல்லு இன்னும் கொஞ்சம் லூசு. பதம் தாண்டிக்கிட்டே போகுது. ஒருநாள் தைரியமாச் சொல்லிட்டேன். "அண்ணே, கத்தாதீங்க."

"கத்தாம? நான் இடிமுழக்கம்டா."

"கொஞ்ச நாளைக்குத் தூறலா இருங்கண்ணே. ரேடியோவுல ரோஜாச்செடி வளர்க்கறதைப் பத்திப் பேசுவாங்கல்ல, அது மாதிரி. அப்புறம் திட்டாதீங்க. திட்டும்போது உதடு போய்ப் பல்லை அடிக்குது. 'தலைவர்'னு அழுத்திச் சொல்லும்போது நாக்கு வேற முட்டுது. அதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

பல்லு தானா விழுந்தா ஊசியே வேணாம்னு மனுஷனுக்கு ஒரு ஆசைதான். ஊசியை விடப் பல்லு மேடையில விழுந்து மானம் போறது மேல இருக்கற பயம் ஜெயிச்சுது. சரின்னுட்டாரு.

அன்னைக்குக் கூட்டத்துல ஏகாம்பரம் அண்ணன் மைக்கைப் பிடிச்சாரு. ஜனம் காதைப் பொத்தத் தயாரா இருக்கு. அவரு மெதுவா, பாப்பாவைத் தூங்க வைக்கற குரல்ல, "எல்லாரும் சாப்பிட்டீங்களா?"ன்னாரு. கூட்டம் அப்படியே ஸ்தம்பிச்சுப் போச்சு. "வெயில் ஜாஸ்தியா இருக்கு, மோர் குடிங்க"ன்னாரு. அப்புறம் எதிர்க்கட்சியைப் பத்தி ஏதாவது சொல்லணுமே. "திருகை சின்ன வேட்பாளரும் நல்ல மனுஷர்தான். அவங்க வீட்லயும் எல்லாரும் சௌக்கியமா இருக்கணும்"னு முடிச்சுட்டு உக்காந்துட்டாரு. தலைவர் பேரையே எடுக்கல. முன்வரிசையில ஒரு அம்மா, "ஐயோ, இவருக்கு என்னமோ ஆயிருச்சு"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க.

நான் ஓடிப் போய்ப் பல்லைப் பார்த்தேன். அசையல சார்! பதம் அப்படியே இருக்கு! எனக்குச் சந்தோஷம் தாங்கல.

கட்சிக்குள்ள அன்னைக்கே பேச்சு ஆரம்பிச்சுருச்சு. ஏகாம்பரம் விலை போயிட்டாரு. திருகைக்குத் தாவப் போறாரு. இல்லன்னா எதுக்கு இப்படிக் கொஞ்சறாரு?

இதுல இன்னொரு சிக்கல். எங்கப்பா, போளூர்ல, திருகை சின்னக் கட்சியில வார்டு செயலாளர். இந்த அம்மிக்காரங்க முன்னாடியே எனக்குத் தெரியாம ஒரு வேலை பண்ணிட்டாங்க. கூடவே சுத்தறான்ல, படிச்ச பையன் வேற, அப்படின்னு 'பல் மருத்துவ அணி'ன்னு ஒண்ணு புதுசா ஆரம்பிச்சு, என்னை அமைப்பாளரா போட்டு, கை கூப்பின மாதிரி ஃப்ளெக்ஸ் அடிச்சுட்டாங்க. அந்த அணியில நான் மட்டும்தான். ஃப்ளெக்ஸ் போளூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருச்சு.

அப்பா போன் பண்ணாரு. "ஏன்டா, உன்னைப் பல்லு படிக்க அனுப்பினேனா, பல்லை இளிச்சுக்கிட்டு அம்மிக்குப் பக்கத்துல நிக்க அனுப்பினேனா?"

"அப்பா, அது கட்சிக்காக இல்லப்பா. ஒரு பல்லுக்காகப்பா."

"எத்தனை பேரு எத்தனையோ காரணத்துக்குக் கட்சி மாறியிருக்கான், பல்லுக்கு மாறினவன் நீ ஒருத்தன்தான்டா!"

வெச்சுட்டாரு. அவரு டென்ஷன் அவருக்கு. எனக்கு என் டென்ஷன். ஆனா இதனால என்ன ஆச்சுன்னா, அம்மிக்காரங்களுக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சு. ஏகாம்பரத்துக்கு ஸ்பூனால இட்லி ஊட்டற பையன் திருகை வார்டு செயலாளரோட மகன்! இதை விட என்ன சாட்சி வேணும்? நான் இதையெல்லாம் யோசிக்கல சார். பல்லு ஆடுதா ஆடலையா, அதை மட்டும்தான் பார்த்தேன். படிக்கற பையன் வேற எதைப் பார்ப்பான்?

பரீட்சை அன்னைக்குக் காலையில நானே போய் அவரைப் பைக்ல கூட்டிட்டு வந்தேன். பள்ளம் இல்லாத ரோடாப் பார்த்துச் சுத்தி வந்தேன். வெள்ளை வேட்டி, விபூதி, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நாற்காலியில உக்காந்துட்டாரு. எக்ஸாமினர் ஒல்லியா ஒருத்தர், பக்கத்து மேசையில டீயை ஆற வெச்சுட்டு என்கிட்ட வந்தாரு. கேள்வி கேட்டாரு. பதில் சொல்றதுல நான் புலி சார். நரம்பு எங்க போகுது, மருந்து எவ்வளவு, எல்லாம் கடகடன்னு சொன்னேன். வைதேகி மேடமே தலையாட்டினாங்க. "ஊசி போடு"ன்னாரு.

போட்டேன். ஏகாம்பரம் அண்ணன் என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. "தம்பி, எங்கயும் போயிடாத." "போகலண்ணே. வயித்துல மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. அவ்ளோதான். முடிஞ்சுது." கண்ணைத் திறந்து, "போட்டாச்சா?"ன்னாரு. "போட்டாச்சு. மரத்துப் போகட்டும்." எக்ஸாமினர் ஏதோ குறிச்சுக்கிட்டாரு. எல்லாம் அவ்வளவு நல்லாப் போச்சு சார். பல்லு பிடுங்கற கொறடு எடுத்துக் கையில வெச்சுட்டேன். இன்னும் ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்.

கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு கூட்டம் உள்ள வருது. முன்னாடி அம்மிக் கட்சி ஒன்றியச் செயலாளர் கஜேந்திரன், மீசையெல்லாம் துடிக்குது. "ஏகாம்பரம்! திருகைக்காரன் மகன் கையில வாயைக் கொடுத்துட்டு உக்காந்திருக்கியா? நீ இன்னும் நம்ம ஆளுன்னா, இங்கயே, இப்பவே, தலைவர் வாழ்கன்னு சொல்லு பார்ப்போம்! பழைய குரல்ல சொல்லு!"

நான் குறுக்க விழுந்தேன் சார். "அண்ணே, வேணாம்ணே! ஒரு நிமிஷம் கழிச்சுச் சொல்லுங்கண்ணே! சார், உங்க தலைவர் எங்கயும் ஓடிர மாட்டாரு!" வைதேகி மேடம், "யாரு இவங்க, வெளிய போங்க"ன்னு கத்தறாங்க.

ஏகாம்பரம் அண்ணன் என்னைப் பார்த்தாரு. அவங்களைப் பார்த்தாரு. உதடு மரத்துப் போய் ஒரு பக்கமாத் தொங்குது. "மன்னிச்சிரு தம்பி"ன்னாரு. நாற்காலியிலயே எழுந்து நின்னாரு. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாரு. இத்தனை நாள் அடக்கி வெச்சிருந்த சத்தம் சார் அது!

"தன்மானத் தலைவர்..."

தலைன்னு சொன்னாரு. பல்லு கிளம்பிருச்சு. நான் பார்த்தேன் சார், காத்துல போகுது. கையை நீட்டினேன். எட்டல. அது பாட்டுக்கு ஒரு வளைவு போட்டு, எக்ஸாமினரோட டீயில போய், 'டொபுக்'.

"வாழ்க!"ன்னு கூட்டம்.

எக்ஸாமினர் போய் டீயை எட்டிப் பார்த்தாரு. ஸ்பூனால எடுத்தாரு. வெளிச்சத்துல காட்டிப் பார்த்தாரு. "வேர் உடையாம முழுசா வந்திருக்கே. யாரு எடுத்தது?"

நான் கையைத் தூக்கினேன். கொறடு கையில இருக்குல்ல சார், ஊசி போட்டது நான்தானே!

வைதேகி மேடம் சொன்னாங்க, "கையை இறக்கு தணிகை. எடுத்தது கட்சி."

ஃபெயில்.

ஏகாம்பரம் அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? அவருக்கென்ன சார்! வாயெல்லாம் ரத்தத்தோட தலைவர் வாழ்கன்னு கத்தினதை எவனோ வீடியோ எடுத்துட்டான். 'தலைவருக்காகப் பல்லைத் தந்த தியாகி'ன்னு ஊர் முழுக்கப் போஸ்டரு. மாவட்டப் பொறுப்பு கொடுத்துட்டாங்க. முன்பல்லு இல்லாம பேசறதுதான் இப்போ அவருக்கு அடையாளமாம், புதுப்பல்லு வெச்சுக்கவே மாட்டேங்கறாரு. அடிக்கடி போன் வேற பண்றாரு. "டாக்டர் தம்பி, நீ போட்ட ஊசி எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லய்யா. என் பொண்டாட்டிக்கும் கடவாய்ப் பல்லு வலி, உன்கிட்டதான் வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா." இதையே திருப்பித் திருப்பிச் சொல்றாரு. எனக்கு எதுக்கு சார் அது? ஊசிக்கா மார்க்கு போடறாங்க? பல்லு போச்சே!

ஜாஸ்பர் பாஸ். இப்போ ஹவுஸ் சர்ஜன். வெள்ளைக் கோட்டுல பேரு தைச்சுக்கிட்டு மெஸ்ஸுக்குக்கூட அதைப் போட்டுக்கிட்டுதான் வர்றான். என்னைப் பார்த்தா "என்ன அமைப்பாளரே"ங்கறான். வர்ற வியாழக்கிழமை எனக்கு மறுதேர்வு. இதுல விட்டா எம்.டி.எஸ். என்ட்ரன்ஸ் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போயிடும். அப்பா வேற, கட்சி ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் "பையன் தாடை டாக்டர் ஆகப் போறான்"னு சொல்லி வெச்சிருக்காரு. அந்த ஃப்ளெக்ஸை மறக்கடிக்கறதுக்கு அவருக்கு இருக்கற ஒரே வழி நான்தான். திங்கக்கிழமை ஆயிருச்சு, கையில ஆள் இல்ல, ஊர்ல ஒரு வாய் விடாம பார்த்துட்டேன், ஒண்ணும் தேறல. பஸ் ஏறினேன். ஏறி உக்காந்தா, நீங்க ஏறறீங்க.

அதனால சார், ரொம்பக் கேக்கல. வியாழக்கிழமை காலையில ஒரு தடவை வந்துட்டுப் போங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் மெல்லாதீங்க, யார் கூடவும் சண்டை போடாதீங்க, கட்சி எதுலயும் இல்லல்ல? கேக்கணும்னே நினைச்சேன்.

எது?

இன்னைக்கேவா? வேலூர்ல? பல்லு எடுக்கறதுக்கா போறீங்க? சார், அதை முதல்லயே சொல்ல வேண்டாமா! சொல்ல வந்தீங்களா? நான் விடலையா?

சார், கெஞ்சிக் கேக்கறேன். இன்னைக்கு வேணாம். அது யாரோ கிளினிக்காரன் சார், அவனுக்கு உங்க பல்லோட அருமை தெரியுமா? போற போக்குல எடுத்துக் குப்பையில போட்டுருவான். என்கிட்ட வந்தா ஒரு பேராசிரியர், ஒரு எக்ஸாமினர், அத்தனை பேர் முன்னாடி மரியாதையா எடுப்போம்.

என்ன சார்? பயமா? இதுக்கு முன்னாடியும் கிளம்பி வந்து, பாதி வழியில இறங்கி வீட்டுக்குத் திரும்பிட்டீங்களா? இன்னைக்கும் அடுத்த ஸ்டாப்புல இறங்கிடலாம்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தீங்களா? அட, அதுக்குள்ள நான் வந்து உக்காந்து பேச ஆரம்பிச்சுட்டேனா. பாருங்க, கடவுள் இருக்காரு சார்.

இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. சும்மா ஒரு தடவை தொட்டுப் பார்க்கறேன். எடுக்கறதுக்கு இல்ல சார், பதம் பார்க்கத்தான். கையுறை எப்பவும் என் சட்டைப் பையில இருக்கும், புதுசு, பாருங்க, இப்பதான் பிரிக்கறேன். வயித்துல மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க. என்னைப் பார்க்காதீங்க, ஜன்னல் வெளிய அந்த மாட்டைப் பாருங்க. ஆ காட்டுங்க. இதோ, ரெண்டு விரல்ல லேசாப் பிடிக்கறேன். முன்னாடி ஒரு இம்மி. பின்னாடி ஒரு இம்மி. அருமை. அருமை சார். கொஞ்சம் பதம் தாண்டின மாதிரி இருக்கு, பரவாயில்ல, பேச்சைக் குறைச்சீங்கன்னா வியாழக்கிழமை வரைக்கும்...

யோவ் டிரைவர்! வேகத்தடைய்யா!

...

சார்.

சார், வலிச்சுதா? இல்லையா? கொஞ்சம்கூடவா? எதுக்குக் கேக்கறேன்னா... அது என் கையில இருக்கு.

பாருங்க. முழுசா சார்! வேர் உடையல! மேல் பாதி, கீழ் பாதி, நுனி வரைக்கும்! நான் எடுத்தேன் சார்! முழுசா! யாரும் "தள்ளு"ன்னு சொல்லல! என் முதல் பல்லு சார் இது! அம்மா, நீங்க பார்த்தீங்கல்ல? அண்ணே, பின் சீட்டு அண்ணே, பார்த்தீங்கல்ல? கண்டக்டர் அண்ணே!

இருங்க, பேசாதீங்க, வாயை மூடுங்க. இந்தாங்க பஞ்சு. நல்லா அழுத்திக் கடிச்சுக்கோங்க. அரை மணி நேரம் எடுக்கக்கூடாது. எச்சிலைத் துப்பக்கூடாது, விழுங்கிருங்க. இன்னைக்குச் சூடா ஒண்ணும் வேணாம், தயிர் சாதம் சாப்பிடுங்க. ரத்தம் நிக்கலன்னா காலேஜுக்கு வாங்க, யாரு இருந்தாலும் பார்ப்பாங்க. ஏன் சார் சிரிக்கறீங்க? சிரிக்காதீங்க, பஞ்சு விழுந்துரும். கையெல்லாம் எதுக்கு சார் பிடிக்கறீங்க? கும்பிடாதீங்க சார், ஐயோ, வயசுல பெரியவங்க. வேலூரு போக வேண்டாமா? ஆமா, இனிமே எதுக்கு? இறங்கித் திரும்பிப் போயிடுங்க. முடிஞ்சு போச்சுல்ல.

முடிஞ்சு போச்சு.

சார்... வியாழக்கிழமை.

இல்ல சார், உங்களை ஒண்ணும் சொல்லல. நீங்க சந்தோஷமாப் போங்க. இந்தாங்க உங்க கடலை மிட்டாய். ஆனா இன்னைக்குத் திங்கக்கூடாது. வேற யாருக்காவது கொடுத்துடுங்க. கண்டக்டர் அண்ணனுக்கா? கொடுங்க கொடுங்க. பாவம், அவரும் காலையிலருந்து நின்னுக்கிட்டே வர்றாரு.

ஆமாண்ணே, காலேஜு ஸ்டாப்புதான். இறங்கறேண்ணே. என்னண்ணே சிரிக்கறீங்க? "பஸ்ஸுலயே ஆஸ்பத்திரி வெச்சுட்டியா"வா? நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. வழியெல்லாம் விசிலை வாயில ஒரு ஓரமா வெச்சு ஊதிக்கிட்டு வந்தீங்க, நான் அதை ஸ்டைலுன்னு நினைச்சேன்...

அண்ணே.

இன்னொரு தடவை சிரிங்க.

அண்ணே, அண்ணே, அண்ணே! அந்த மிட்டாயைக் கடிக்காதீங்க! கொடுங்க இப்படி! நான் இங்க இறங்கலண்ணே, வேலூருக்கு ஒரு டிக்கெட் போடுங்க. சார், கொஞ்சம் வழி விடுங்க, பஞ்சை அழுத்திக் கடிங்க. அண்ணே, சுகர் இருக்கா? பிரஷர்? சரி, அதை விடுங்க. வியாழக்கிழமை உங்களுக்கு டியூட்டியா, ஆஃபா?